விளிம்பில் தங்கிய வேலை

தச்சுப்பட்டறையின் தரையைப் பார்த்தாலே அங்கே எந்தப் பலகையில் வேலை நடக்கிறது என்று சொல்லிவிடலாம். தேக்கோ வேம்போ இழைக்கிற இடத்தில் காலுக்கடியில் சுருள் சுருளாகச் சீவல் கிடக்கும். கூட்டி அள்ளினால் அடுப்புக்கு ஆகும். எம்.டி.எஃப். என்று பட்டறைகளில் பெயர் பெற்றுவிட்ட நார்ப்பலகையில் வேலை நடக்கிற இடத்தில் சீவலே இருக்காது. மாவு மாதிரி வெளிர்பழுப்புத் தூள் தரையிலும் சன்னல் கம்பியிலும் வேலை செய்பவரின் புருவத்திலும் படிந்திருக்கும். சீவல் தரையில் விழும். தூள் காற்றில் நிற்கும். மரத்தை வழவழப்பாக்குகிற தொழிலின் நூறாண்டு வரலாறு இந்த இரண்டு கழிவுகளுக்கும் இடையில்தான் கிடக்கிறது. இழைக்க வேண்டாத பலகை என்ற வாக்குறுதியோடு நார்ப்பலகை வந்தது. வாக்குறுதியில் பாதி நிறைவேறியது. மீதிப் பாதி வேலை கத்தியிலிருந்து உப்புத்தாளுக்கும், பலகையின் முகத்திலிருந்து விளிம்புக்கும், தரையிலிருந்து காற்றுக்கும் இடம் மாறிக்கொண்டது. அப்படி இடம் மாறிய வேலை கூலிக் கணக்கில் ஏறவே இல்லை. அது எப்படி நடந்தது என்பதே இங்கே பேச்சு.

சீவுவதும் தேய்ப்பதும் ஒரே வேலையின் முன்பாதி, பின்பாதி போலத் தோன்றும். இரண்டின் இயல்பும் வேறு. இழைப்புளியின் இரும்பு மரத்தின் நாரை அதன் ஓட்டத்தோடு அறுத்துக்கொண்டு போகிறது. கூர் சரியாக இருந்தால் அறுபட்ட முகம் தானாகவே மின்னும். அதற்குமேல் தேய்த்தால் மினுமினுப்பு குறையவும் கூடும். தேய்ப்பில் ஒவ்வொரு பரலும் ஒரு கீறலைப் போடுகிறது. பெரிய கீறலைச் சிறிய கீறலால் அழித்து, அதை இன்னும் சிறியதால் அழித்து, கண்ணுக்கும் விரல்நுனிக்கும் எட்டாத அளவு வந்ததும் நிறுத்திக்கொள்கிறோம். அதற்கு வழவழப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆகவே பழைய தச்சு மரபுகளில் தேய்ப்பு கடைசியில் வருகிற சிறு வேலையாகவே இருந்தது. அதற்குக் கையருகே கிடைத்ததே போதும். ஐரோப்பியத் தச்சர்கள் சுறாத்தோலையும், தண்டில் சிலிக்கா படிந்த குதிரைவால் செடியையும் வைத்திருந்தார்கள். ஜப்பானிலும் அதே செடி இந்த வேலைக்கு உதவியது. நம் பக்கத்துப் பிராய் மரத்தின் சொரசொரப்பான இலை மரத்துக்கும் தந்தத்துக்கும் மெருகேற்றப் பயன்பட்டது. 13ஆம் நூற்றாண்டுச் சீனாவில் நொறுக்கிய சிப்பியையும் மணலையும் பிசினால் தோல்தாளில் ஒட்டித் தேய்த்ததாகத் தொழில் வரலாறுகள் சொல்கின்றன.

வண்ணம் பூச வேண்டிய பலகைக்கு மட்டும் தொடக்கத்திலிருந்தே வேறு வழி இருந்தது. மரத்தின் முகத்தை நம்பி ஓவியர் யாரும் வண்ணம் வைத்ததில்லை. இத்தாலியரான சென்னினோ சென்னினி 1400ஆம் ஆண்டையொட்டி எழுதிய கைவினை நூலில் இதற்கான முறை படிப்படியாக இருக்கிறது. பலகைக்குப் பசை பூசி, பழைய துணியை ஒட்டி, முதலில் கரடான சுண்ணாம்புக் கலவையையும் பிறகு ஒரு மாதம் தண்ணீரில் கலக்கி மென்மையாக்கிய கலவையையும் எட்டு முறை பூச வேண்டும். காய்ந்தபின் கரித்தூளைத் துணியில் முடிந்து வெள்ளைப் பரப்பின்மேல் தட்ட வேண்டும். பிறகு சுரண்டும்போது மேடான இடத்திலெல்லாம் கறுப்பு போய்விடும்; பள்ளத்தில் தங்கிவிடும். கறுப்பு முழுவதும் மறைகிறவரை சுரண்டினால் பரப்பு சமமாகிவிட்டது என்று பொருள். இன்று கார் பட்டறையில் பட்டியின்மேல் கறுப்புப் பெயின்ட்டை லேசாகத் தூவிவிட்டுத் தேய்க்கிறார்களே, அதே தந்திரம். நம்மூரிலும் கதை வேறில்லை. பலகைப் படம் என்று பெயர் பெற்ற தஞ்சாவூர் ஓவியத்தில் பலாப் பலகையின்மேல் துணியை ஒட்டி, சுண்ணப்பொடியைப் பசையோடு பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்த பிறகுதான் கோடு போடவே தொடங்குவார்கள். இரண்டு மரபும் சொல்கிற பாடம் ஒன்றே: வண்ணத்துக்கு ஏற்ற வழவழப்பு மரத்துக்குள் இருப்பதில்லை. தேய்ப்பதற்கென்றே ஒரு படலத்தை மேலே கொண்டுவந்து வைக்க வேண்டியிருக்கிறது. தேய்ப்பு என்பது எடுக்கிற வேலை மட்டும் என்று நினைத்தால் இந்தத் தொழிலின் பாதி கண்ணில் படாது. நிரப்புவதும் அதில் அடங்கும். நார்ப்பலகையின் கதையில் இந்தப் பாடம் திரும்ப வரும்.

தேய்க்கும் தாள் தொழிற்சாலைச் சரக்கானது 19ஆம் நூற்றாண்டில். லண்டனில் ஜான் ஓக்கி 1833இல் கண்ணாடித்தூள் ஒட்டிய தாளைப் பெருமளவில் செய்யத் தொடங்கினார். மறு ஆண்டே அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஐசக் ஃபிஷர் அதைச் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். தாளின்மேல் உப்புப் பரலைத் தூவியது போன்ற தோற்றத்தைத் தமிழ்த் தச்சர்கள் வைத்த ‘உப்புத்தாள்’ என்ற பெயரிலேயே பார்க்கலாம். இந்தத் தொழிலுக்குத் தமிழோடு இன்னும் ஆழமான ஓர் ஒட்டுறவும் உண்டு. வைரத்துக்கு அடுத்தபடியான கடினம் கொண்ட குருந்தக் கல்லுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கொரண்டம்’ என்ற சொல் தமிழிலிருந்து போனது. சார்லஸ் கிரெவில் 1798இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஆசியாவின் குருந்தக் கல்லைப் பற்றி எழுதிய கட்டுரை அந்தச் சொல்லை ஐரோப்பிய அறிவியலில் நிலைநிறுத்த உதவியது. 1891இல் எட்வர்ட் ஆச்சிசன் மின்னுலையில் ஒரு புதிய பொருளை உண்டாக்கினார். அது கார்பனும் குருந்தமும் சேர்ந்தது என்று தவறாக நினைத்து ‘கார்போரண்டம்’ என்று பெயரிட்டார். உண்மையில் அது சிலிக்கான் கார்பைடு. அதில் குருந்தம் துளியும் இல்லை. தவறான கணிப்பில் பிறந்த அந்தப் பெயர் 1954இல் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தின் வடிவில் சென்னைக்கே திரும்பிவந்தது.

குருந்தத்தைப் பற்றிய இன்னொரு தவறான கணிப்பு உப்புத்தாளின் வரலாற்றையே மாற்றியது. 1902இல் மினசோட்டாவின் டூ ஹார்பர்ஸ் ஊரில் ஐந்து பேர் குருந்தம் வெட்டி விற்கலாம் என்று ஒரு சுரங்க நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பின்னாளில் 3எம் என்று உலகறிந்தது அதுதான். வெட்டி எடுத்த கல் குருந்தமே இல்லை, தேய்ப்புக்கு உதவாத அனார்த்தசைட் பாறை என்று பிறகே தெரிந்தது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் இந்த அனார்த்தசைட்டுக்குள்தான் உண்மையான குருந்தம் கிடைக்கிறது. அங்கே கல்லோடு பரலும் இருந்தது, மினசோட்டாவில் கல் மட்டும் இருந்தது. சுரங்கம் கைவிட்டதும் அந்த நிறுவனம் உப்புத்தாள் செய்யும் தொழிலுக்குப் போனது. அதிலும் சோதனை. 1914இல் ஸ்பெயினிலிருந்து வந்த கார்னெட் பரல் தாளில் ஒட்டாமல் உதிர்ந்தது. கப்பலில் கூடவே வந்த ஆலிவ் எண்ணெய் கொட்டிப் பரலில் ஊறியிருந்ததே காரணம் என்று கண்டுபிடித்து, பரலை வறுத்து எண்ணெயைப் போக்கினார்கள். 1921இல் அதே நிறுவனம், பிலடெல்பியாவில் மை தயாரித்துக்கொண்டிருந்த பிரான்சிஸ் ஓக்கியின் கண்டுபிடிப்பை வாங்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்க்கக்கூடிய தாளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தண்ணீர் தூளைப் பிடித்துக்கொள்ளும். காற்றில் எழ விடாது. இரண்டாண்டு கழித்து வந்த டியூகோ பெயின்ட் கார்களுக்குச் சில மணி நேரத்தில் காய்கிற மேற்பூச்சைக் கொடுத்தது. அலமாரிக் கதவில் ‘டியூகோ அடிப்பது’ என்று இன்றும் சொல்கிறோம். கார் பட்டறையின் வழவழப்பே வீட்டுச் சாமான்களுக்கும் அளவுகோலாகிவிட்டது என்பதற்கு அந்தச் சொல்லே சாட்சி.

இதே காலத்தில்தான் பலகையும் மாறத் தொடங்கியது. மிசிசிப்பி மாநிலத்து லாரல் நகரில் மரம் அறுக்கும் ஆலைகளின் கழிவு மலைபோல் குவிந்து எரிந்துகொண்டிருந்தது. தாமஸ் எடிசனிடம் வேலை பார்த்தவரான வில்லியம் மேசன் அதிலிருந்து ஏதாவது செய்ய முடியுமா என்று பார்த்தார். மரச்சில்லுகளை நீராவி அழுத்தத்தில் வைத்துச் சட்டென்று திறந்துவிட்டால் அவை வெடித்து நாராகிவிடும். 1924இல் அந்த நாரை அழுத்தியில் வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனவர், வால்வு சரியாக மூடாததால் சூடு தொடர்ந்து ஏறி நார் கெட்டிப்பலகையாகிக் கிடப்பதைத் திரும்பி வந்து பார்த்தார் என்பது அந்தத் தொழிலில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. மேசனைட் என்று பெயர் பெற்ற இந்த ஹார்டுபோர்டில் பசை சேர்க்க வேண்டியதில்லை. மரத்திலேயே உள்ள லிக்னின் நாரைப் பிணைத்துவிடும். மெருகேற்றிய உலோகத் தகட்டோடு ஒட்டி அழுந்துகிற பக்கம் கண்ணாடிபோல் வரும். நீராவி வெளியேற வலை வைத்த மறுபக்கம் சாக்குத் துணிபோல் இருக்கும். இப்படி, யாரும் இழைக்காமலும் தேய்க்காமலும் வழவழப்பாகவே பிறக்கிற பெரிய மரப்பலகை கிடைத்தது.

இங்கேதான் உப்புத்தாளின் வேலை தலைகீழானது. தகட்டின் மினுமினுப்பை அப்படியே வாங்கிக்கொண்ட பரப்பில் பெயின்ட்டுக்குப் பிடிமானம் போதவில்லை. ஹார்டுபோர்டில் வண்ணம் தீட்டிய ஓவியர்களும் பெயின்டர்களும் முதலில் செய்தது அதன் மினுமினுப்பை உப்புத்தாளால் கெடுத்ததுதான். கரட்டை வழவழப்பாக்கி வந்த தாள், வழவழப்பைக் கொஞ்சம் கரடாக்கும் வேலைக்கு வந்தது. அதன்மேல் மறுபடியும் சுண்ணப் படலம், மறுபடியும் தேய்ப்பு. சென்னினியின் எட்டுப் பூச்சு வேறு பெயரில் தொடர்ந்தது. இதில் எல்லோரும் ஒரே கட்சி இல்லை. ஹுவான் மீரோ 1936 கோடையில் மேசனைட் பலகைகளில் வரைந்த 27 ஓவியங்களில் பலகையின் பழுப்பையும் கரட்டையும் மறைக்காமல் விட்டு, தாரும் மணலும் சேர்த்து இன்னும் கரடாக்கினார். வழவழப்பு ஒரு தேவை என்பதைவிட ஒரு தேர்வு என்று அந்தப் பலகைகள் காட்டுகின்றன. ஆனால் அலமாரிக் கதவுக்குச் சொந்தக்காரர் மீரோவின் சுதந்திரத்தைத் தச்சருக்குத் தருவதில்லை. டியூகோவின் பளபளப்பைக் கண்ட கண்ணுக்கு அதற்குக் குறைந்த எதுவும் வேலைக் குறைவாகவே படும்.

ஹார்டுபோர்டுக்கு ஓர் எல்லை இருந்தது. ஈர நாரிலிருந்து தண்ணீர் வெளியேற வேண்டும் என்பதால் அது மெல்லியதாகவே இருக்க முடியும். மெல்லிய பலகைக்கு விளிம்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அலமாரியின் முதுகாகவும் இழுப்பறையின் அடியாகவும் சட்டத்துக்குள் ஒளிந்துகொண்டது. 1960களின் நடுவில் நியூயார்க் மாநிலத்து டெபாசிட் என்ற சிற்றூரில் தொடங்கிய எம்.டி.எஃப். உற்பத்தி இந்த எல்லையை உடைத்தது. நாரை உலர்த்தி, யூரியா ஃபார்மால்டிஹைடு பிசினைக் கலந்து, மெத்தைபோல் பரப்பி, சூடாக அழுத்தினார்கள். நீராவிக்கென்று வலை வேண்டியதில்லை, ஆகையால் இரு முகமும் ஒரே சீர். கனமான பலகையும் செய்யலாம். நாரோட்டம், முடிச்சு, வெடிப்பு எதுவும் இல்லை. மரத்தின் முதுகுப்புறத்தில் ஒளிந்திருந்த நார்ப்பலகை இப்போது கதவாகவும் மேசையாகவும் முன்னால் வந்து நின்றது. முன்னால் வந்ததும் அதற்கு விளிம்பு முளைத்தது. கனம் என்ற வெற்றியோடு சேர்ந்து பிறந்த தலைவலி அந்த விளிம்பு.

காரணம் அழுத்தியிலேயே இருக்கிறது. சூடான தகடுகளுக்கு நடுவில் நார்மெத்தை அழுந்தும்போது சூடு முதலில் எட்டுகிற இரு முகங்களும் முதலில் இளகி இறுகுகின்றன, நடுப்பகுதி பிந்துகிறது. ஒரு கன மீட்டருக்குச் சராசரியாக 700, 800 கிலோ எடையுள்ள பலகையின் மேற்புறம் அதைவிட வெகுவாக அடர்ந்தும் நடுப்பகுதி வெகுவாகத் தளர்ந்தும் இருக்கும். அதோடு, அழுத்தி மூடுமுன்பே தகட்டின் சூட்டில் பிசின் காய்ந்துவிடுகிற மிக மெல்லிய மேல்தோல் ஒன்றும் உதிரியாக நின்றுவிடும். அதனால் இந்தப் பலகையும் அழுத்தியிலிருந்து வழவழப்பாக வெளியே வருவதில்லை. பலகையின் முழு அகலத்துக்கும் உருளைகளில் ஓடுகிற சிலிக்கான் கார்பைடு பட்டைகள் இரு பக்கமும் அந்தத் தோலைத் தேய்த்து எடுத்துக் கனத்தையும் ஒரே சீராக்குகின்றன. கடைக்கு வரும் எட்டடிக்கு நாலடிப் பலகையின் முகம் அப்படித்தான் முகமானது. இதை ஆதாயம் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த அளவுக்குப் பல மரத்துண்டுகளை ஒட்டி, இழைத்து, மட்டம் பார்த்துச் சமப்படுத்துவது ஓர் ஆளின் பல நாள் உழைப்பு. அதை ஓர் இயந்திரம் சில நொடிகளில் முடிக்கிறது, தச்சரின் தோளும் முதுகும் தப்பின. நார்ப்பலகை வேலையைக் குறைக்கவே இல்லை என்று யாராவது சொன்னால் அது உண்மைக்குப் புறம்பு.

ஆனால் அறுத்த விளிம்புக்கு அந்த இயந்திரம் எட்டாது. அறுக்கும்போதுதான் விளிம்பே பிறக்கிறது, அறுப்பது பட்டறையில். தளர்ந்த நடுப்பகுதியை ரம்பம் திறந்துவிடுகிறது. விரலால் தொட்டால் தேய்ந்த வெல்வெட் போல இருக்கும். முதல் பூச்சு பிரைமரை முகம் மேலேயே தாங்கிக்கொள்ள, விளிம்போ மணல் தண்ணீரைக் குடிப்பதுபோல் குடித்துவிடும். காய்ந்தபின் பார்த்தால் நாரெல்லாம் நிமிர்ந்து பூனை நாக்குபோல் சொரசொரக்கும். அனுபவமுள்ளவர் முதலில் 120ஆம் நம்பர் தாளால் ரம்பத்தின் வரியைப் போக்குகிறார். பிறகு தண்ணீர் விட்ட பசையையோ பட்டியையோ விளிம்பில் இழுத்துக் காயவிடுகிறார். 180, பிறகு 240. பிரைமர். மறுபடியும் நிமிர்ந்த நாரை 320ஆல் மெல்லத் தடவுகிறார். விளிம்பின் மூலையைக் கூராக விட்டால் பெயின்ட் அங்கே நிற்காது என்பதற்காக அதை மட்டும் ஒரு மயிரளவு உருட்டுகிறார். அழுத்தித் தேய்த்தால் முகத்தின் அடர்ந்த படலம் ஓரத்தில் கிழிந்து அங்கேயும் நார் எழும்பும். துணியும் சுண்ணமும் ஒட்டி ஓவியப் பலகையைத் தயாரித்த அதே வரிசைதான் இங்கும்: அடை, பூசு, தேய், மீண்டும் பூசு. அறுநூறு ஆண்டு கழித்து அது 18 மில்லிமீட்டர் அகலத்தில் வந்து ஒடுங்கியிருக்கிறது.

மரத்துக்கும் வெட்டுமுகம் உண்டே, அதுவும் பெயின்ட்டைக் குடிக்குமே என்று தொழில் தெரிந்தவர் கேட்பார். கேள்வி சரி. ஆனால் மரப்பலகையில் வெட்டுமுகம் இரண்டு முனையில்தான். நீளவாட்டு விளிம்பில் நார் படுத்திருக்கும், இழைப்புளிக்கு இணங்கும். முனையையும்கூடக் கூரான இரும்பால் சுத்தமாகச் சீவிவிடலாம். நார்ப்பலகைக்கு நாலு பக்கமும் வெட்டுமுகம். அலங்காரத்துக்காக ரௌட்டரால் முகத்தில் ஒரு பள்ளக்கோடு இழுத்தால் அதன் அடியும் சுவரும் புதிய வெட்டுமுகம். படுக்கிற நார் இல்லாத பலகையில் கத்திக்கு ஏற்ற திசை என்று ஒன்று இல்லை. பிசின் இரும்பின் கூரைச் சீக்கிரம் மழுக்குகிறது. வருவது சுருள் இல்லை, உதிரி. ஆகவே இழைப்புளி பட்டறைச் சுவரின் ஆணிக்குப் போய்விட்டது, அதன் இடத்தைத் தாள் பிடித்துக்கொண்டது. கடைசியில் வருகிற சிறு வேலையாக இருந்த தேய்ப்பு இந்தப் பலகையில் முதல் வேலையும் முழு வேலையும் ஆகிவிட்டது. எல்லாத் தொழில்நுட்பமும் வேலையை இடம் மாற்றத்தானே செய்கிறது, இதில் என்ன தனிச் சிறப்பு என்பாருக்கும் விடை இதுவே. நார்ப்பலகை வேலையின் இடத்தோடு அதன் இயல்பையும் மாற்றியது: வெட்டு தேய்ப்பானது, சீவல் தூளானது.

தூளை அடக்கத் தொழிலுக்கு ஏற்கெனவே ஒரு வழி தெரியும் என்று சற்று முன்னால் பார்த்தோம். 1921இன் தண்ணீர்த்தாள். அந்த வழி இந்தப் பலகையின் வாசலில் நின்றுவிடுகிறது. பூச்சு ஏறாத எம்.டி.எஃப்.இல் தண்ணீர் பட்டால் அழுத்தத்தில் நசுங்கிக் கிடந்த நார் ஊதி எழும். ஒருமுறை ஊதினால் பழைய நிலைக்கு வராது. பிரைமர் நன்றாக மூடிய பிறகே நனைத்துத் தேய்க்கலாம். அதற்கு முந்தைய தேய்ப்பெல்லாம் உலர்ந்த தேய்ப்பாகவே நடந்தாக வேண்டும். தூள் மிகுதியாக எழுவதும் அந்தக் கட்டத்தில்தான். காரின் வழவழப்பை வீட்டுச் சாமான் கடன் வாங்கியது. காருக்குக் கிடைத்த தண்ணீரைக் கடன் வாங்க முடியவில்லை.

தூள் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை முதலில் காட்டியது நார்ப்பலகை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தின் நாற்காலித் தலைநகர் என்று பெயர் பெற்ற ஹை விக்கம் நகரில் எஸ்மி ஹாட்ஃபீல்ட் என்ற காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர், மிக அரிதான ஒரு மூக்குப் புற்றுநோய் மரச்சாமான் தொழிலாளர்களிடம் அடிக்கடி வருவதைக் கவனித்தார். டொனால்ட் ஆச்சிசன் உள்ளிட்டோருடன் சேர்ந்து 1968இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அதை வெளியிட்டார். பாதிக்கப்பட்டவர்கள் எம்.டி.எஃப்.ஐப் பார்க்காத தலைமுறையினர். ஓக், பீச் போன்ற மரங்களை இயந்திரங்களில் அறுத்தும் தேய்த்தும் வந்தவர்கள். 1995இல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் வைத்தது. 2004இல் ஃபார்மால்டிஹைடையும் அதே இடத்துக்குக் கொண்டுவந்தது. ஆகவே கத்தியிலிருந்து தேய்ப்புக்கு நடந்த மாற்றத்தை இயந்திரம் தொடங்கிவைத்தது, பலகை முடித்துவைத்தது என்பதே நேர்மையான கணக்கு. பழைய காலத்தில் எல்லாம் சுகமாக இருந்தது, இந்தப் பலகை வந்து கெடுத்தது என்கிற புலம்பலுக்கு வரலாறு இடம் தரவில்லை.

1990களின் பிற்பாதியில் பிரிட்டனில் அந்தப் புலம்பல் வேறு வடிவில் எழுந்தது. வீட்டை மாற்றியமைக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளால் எம்.டி.எஃப். வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரான நேரத்தில், இது அடுத்த ஆஸ்பெஸ்டாஸ் என்ற அச்சம் பரவியது. அந்நாட்டுப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு ஆராய்ந்து, இந்தத் தூளின் கேடு மற்ற மரத்தூளின் கேட்டை ஒத்ததே, அதற்கான கட்டுப்பாடுகளே இதற்கும் பொருந்தும் என்று சொன்னது. பலகைக்கு வக்காலத்து வாங்குவோர் இதைப் பெரிய ஆதாரமாகக் காட்டுவார்கள். ஒரு கிராம் தூளுக்கு ஒரு கிராம் தூள் என்று ஒப்பிட்டால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் தொழிலாளி கிராம் கணக்கில் வேலை செய்வதில்லை, கதவுக் கணக்கில் செய்கிறார். மரக்கதவின் வழவழப்பில் பெரும்பகுதியைச் சீவலாகத் தரையில் தள்ளிவிடலாம். நார்ப்பலகைக் கதவின் விளிம்பையும் பள்ளக்கோட்டையும் முழுவதும் தூளாகவே எடுக்க வேண்டும். நாராகப் பிரித்துவிட்ட மரம் தேயும்போது வரும் தூளும் மிக நுண்ணியது, எளிதில் கீழே படியாதது. கேட்டின் தரம் ஒன்றாக இருக்கலாம். மூச்சில் போகிற அளவு ஒன்றல்ல.

அப்படியானால் இந்தப் பலகையைத் தச்சர்கள் ஏன் ஏற்றுக்கொண்டார்கள்? இந்தியாவைப் பொறுத்தவரை அவர்கள் கையில் முடிவு இருக்கவில்லை. 1988இன் தேசிய வனக் கொள்கை மரத்துக்கு மாற்றுப் பொருட்களைத் தேடச் சொன்னது. நீலகிரியின் கூடலூர்க் காடுகளைக் காக்கக் கோரி டி.என். கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று பிறப்பித்த ஆணை நாடு முழுவதும் காட்டுமரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. காட்டுக்கு அது நல்ல காலம். மரத்தின் விலை ஏற ஏற, யூகலிப்டஸ், பாப்லர் போன்ற தோட்ட மரங்களை நாராக்கிச் செய்த பலகை பட்டறைக்குள் வந்தது. முடிச்சும் வெடிப்புமாக வீணாகும் மரத்தையும் பலகையாக்கும் நுட்பம் என்ற வகையில் மேசனின் எண்ணம் இங்கே நிறைவேறியது என்றே சொல்லலாம். நார்ப்பலகை வேண்டாம் என்று சொல்வது மறுபடியும் காட்டை வெட்டு என்று சொல்வதாகிவிடும். பலகை இருக்கட்டும். அதைத் தேய்க்கிறவரை நாம் எங்கே விட்டோம் என்று மட்டும் கேட்போம்.

மைக்கா ஒட்டிவிட்டால், விளிம்புக்கும் பட்டை ஒட்டிவிட்டால் தேய்ப்பே வேண்டாமே என்பது கடைசி மறுப்பு. பெரும்பாலான அலமாரிகள் இன்று அப்படித்தான் முடிகின்றன, உண்மை. ஆனால் மைக்காவின் வழவழப்பும் எங்கோ ஓர் ஆலையில் மெருகேற்றிய தகட்டில் அழுந்தி வந்ததுதான். பட்டறை அதை விலைக்கு வாங்குகிறது. நேர்விளிம்புக்குப் பட்டை ஒட்டும், வளைவுக்கும் பள்ளக்கோட்டுக்கும் ஒட்டாது. வாடிக்கையாளர் டியூகோ என்றோ பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட் என்றோ சொன்ன மறுகணம் உப்புத்தாள் கைக்கு வந்துவிடும். இதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. ஆலைக்குப் போன வழவழப்பெல்லாம் மூடிய அறைக்குள், தூளை உறிஞ்சும் குழாய்களோடு உண்டாகிறது. பலகையின் முகத்தைத் தேய்க்கிற இயந்திரம் அப்படிப்பட்ட உறிஞ்சு குழாய்கள் இல்லாமல் ஓடவே ஓடாது. தூள் தங்கினால் பட்டை அடைத்துக்கொள்ளும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. விளிம்போ சிறு பட்டறையிலும், கட்டி முடியாத வீட்டின் கூடத்திலும் தேய்க்கப்படுகிறது. அங்கே உறிஞ்சு குழாயின் இடத்தில் இருப்பது மூக்கில் கட்டிய கைக்குட்டை. ஒரே பலகையின் ஒரே வேலை, முகத்துக்கு ஒரு பாதுகாப்பும் விளிம்புக்கு இன்னொன்றும் பெற்றிருக்கிறது.

இதற்குப் பின்னால் யாருடைய கெட்ட எண்ணத்தையும் தேட வேண்டியதில்லை, அளவை முறையே காரணம். மர வேலைக்கும் பெயின்ட் வேலைக்கும் நம் ஊரில் கூலி பேசுவது பெரும்பாலும் சதுர அடிக்கு. இரண்டடி அகலமும் இரண்டரை அடி உயரமும் உள்ள ஒரு கதவின் முகம் ஐந்து சதுர அடி. அதன் விளிம்பைச் சுற்றி அளந்தால் ஒன்பதடி ஓடும். 18 மில்லிமீட்டர் கனத்துக்குப் பரப்பாக்கினால் அரைச் சதுர அடிக்குச் சற்றே மேல். டேப்பின் கண்ணுக்கு அது முகத்தில் பத்தில் ஒரு பங்கு, பெரும்பாலும் கணக்கிலேயே சேராது. ஆனால் முகம் ஆலையிலேயே தேய்ந்து வந்துவிட்டது. பட்டறையில் மிச்சமிருக்கும் அடைப்பும் காயவைப்பும் தேய்ப்பும் தூளும் பெரும்பாலும் அந்த அரைச் சதுர அடியில்தான். சதுர அடிக் கணக்கு, முகத்தை மனிதர் இழைத்த காலத்து அளவை. உழைப்பு பரப்போடு கூடிக் குறைந்தவரை அது நியாயமாகவே இருந்தது. உழைப்பு விளிம்புக்குப் போன பிறகும் அளவை முகத்திலேயே நின்றுவிட்டது. விளிம்பை ஓட்ட அடியில் தனியாக அளந்து கூலி போட்டால், தூள் உறிஞ்சும் இயந்திரத்துக்கும் நல்ல முகமூடிக்கும் அந்தக் கூலியிலேயே வழி பிறக்கும். சுண்ணத்தின்மேல் கரித்தூள் தட்டி, பள்ளம் எங்கே என்று முதலில் பார்த்துவிட்டுச் சுரண்டிய பழைய முறை இந்தக் கணக்குக்கும் பொருந்தும். இங்கே தூள் ஏற்கெனவே தட்டியாகிவிட்டது. அது எங்கே தங்கியிருக்கிறது என்று பார்க்க, கதவைத் தேய்த்து முடித்தவரின் புருவத்தைப் பார்த்தால் போதும்.